அடாப்டருக்குச் சம்மதம், சுவிட்சுக்குச் சம்மதமில்லை

எங்கள் வீடு மதுரையை ஒட்டிய நாகமலை புதுக்கோட்டையில். மாதம் ஒருநாள் பராமரிப்பு வேலை என்று காலை 9 மணிக்குக் கரண்ட் போனால், சாயங்காலம் 5 மணி வாக்கில்தான் வரும். முதல் நாளே பேப்பரில் ஊர்ப் பெயரோடு செய்தி வந்துவிடும். அதனால் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவது, மாவாட்டுவது, சட்டை தேய்ப்பது எல்லாம் 8.45-க்குள் முடிந்துவிடும். முன்கூட்டியே செய்துவைக்க முடியாதது இணையம் ஒன்றுதான். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவன். ஃபைபர் பெட்டியும் வைஃபை ரவுட்டரும் அணைந்தால் எனக்கு அன்றைக்குப் பாதிச் சம்பளம் போன மாதிரி.

இன்வெர்ட்டர் இருக்கிறது. அதன் பேட்டரிக்கு நான்கு வயது முடிந்தது, மதியம் 2 மணிக்கே கூவ ஆரம்பித்துவிடும். புதுப் பேட்டரிக்கு விலை கேட்டுவிட்டு வந்த அன்றைக்குத்தான், இந்த இரண்டு சின்னப் பெட்டிகளும் உண்மையில் எவ்வளவு குடிக்கின்றன என்று பார்க்கத் தோன்றியது. வீட்டுக்காரியின் தம்பிக்கு யூபிஎஸ் சர்வீஸ் வேலை. அவனிடம் டிசி, அதாவது பேட்டரிக் கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டர் உண்டு, வயரைக் கவ்விப் பிடித்தாலே ஆம்ப் காட்டும். அதை வாங்கி வந்து மெயினை அணைத்து, வீட்டில் எல்லா சுவிட்சையும் நிறுத்திவிட்டு, இன்வெர்ட்டரின் பேட்டரி வயரில் மாட்டினேன். ஒரு பல்புகூட எரியாதபோதே 1.2 ஆம்ப் போய்க்கொண்டிருந்தது. ஃபைபர் பெட்டியையும் ரவுட்டரையும் போட்டதும் 2.5 ஆம்ப். பேட்டரி 12.2 வோல்ட், ஆக மொத்தம் 30 வாட்.

பிறகு அந்த இரண்டு பெட்டிகளுக்கும் போகிற 12 வோல்ட் வயரிலேயே அளந்தேன். ஃபைபர் பெட்டி 0.36 ஆம்ப், ரவுட்டர் 0.55 ஆம்ப். இரண்டும் சேர்ந்து 11 வாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. 11 வாட் வேலைக்கு 30 வாட் செலவு!

யோசித்தால் இது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். பேட்டரியில் இருப்பது 12 வோல்ட் டிசி, ஒரே திசையில் ஓடுகிற கரண்ட். இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுகிற வீட்டுக் கரண்ட் ஆக்குகிறது. அடாப்டர் அதை வாங்கி மறுபடி 12 வோல்ட் டிசி ஆக்குகிறது. நடுவில் இரண்டு பேர் கமிஷன் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு பேரையும் விலக்க முடியுமா, இல்லை ஒருவரையாவது விலக்க முடியுமா என்பதுதான் இந்த மூன்று மாத வேலையின் ஆரம்பம்.

முதலில் அடாப்டரைத் திறந்தேன். நல்லதை இல்லை, பரணில் கிடந்த பழைய ரவுட்டர் அடாப்டரை. ஒட்டு வைத்து மூடியிருப்பார்கள், வைஸில் பைய இறுக்கினால் தையல் விட்டுவிடும். உள்ளே கரண்ட் நுழைகிற வழியில் வரிசையாக ஒரு சின்ன ஃப்யூஸ், ஏசியை டிசி ஆக்குகிற, நாலு டையோடு சேர்ந்த பிரிட்ஜ், அப்புறம் சார்ஜைச் சேர்த்து வைக்கிற ஒரு 400 வோல்ட் கெபாசிட்டர். அதற்கப்புறம்தான் ஐசி, குட்டி டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம். ஏசி என்பது அந்த பிரிட்ஜோடு முடிந்துபோகிறது. 230 வோல்ட் என்று நாம் சொல்வது ஒருவகைச் சராசரிக் கணக்கு. அலையின் உச்சி 325 வோல்ட், கெபாசிட்டரில் நிரம்புவது அதுதான். ஆக, ஒவ்வொரு அடாப்டரும் உள்ளுக்குள் 325 வோல்ட் டிசியில்தான் ஓடுகிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன்: பிளக்கை எடுத்த பிறகும் அந்தக் கெபாசிட்டரில் சார்ஜ் நிற்கும். திறக்கிறவர்கள் கை வைக்கும் முன் ஒரு குண்டு பல்பை அதன் காலில் தொட்டு இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்துவிட்டுத் தொடவும்.

அடாப்டரின் முதுகில் 100 முதல் 240 வோல்ட் ஏசி என்று அச்சடித்திருந்தது. 100 வோல்ட் ஏசியின் உச்சி 141. அப்படியானால் 140 வோல்ட் டிசியை நேராகப் பிளக்கில் கொடுத்தாலும் அது பிழைத்துக்கொள்ள வேண்டும். பிளஸ், மைனஸ் மாறினாலும் கவலையில்லை, பிரிட்ஜ் திருப்பிக்கொள்ளும். ஏசியில் இரண்டு ஜோடி டையோடு மாறி மாறிச் சுமக்கிற சுமையை டிசியில் ஒரே ஜோடி சுமக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். இவ்வளவு சின்னக் கரண்டுக்கு அது ஒரு பொருட்டில்லை.

பேப்பரில் சரியாக வந்தது. இதை மாப்ளையிடம், அதாவது அந்த யூபிஎஸ் தம்பியிடம் சொன்னதும் அவன் சிரிக்கவில்லை.

“பெரிய யூபிஎஸ் எல்லாம் அப்படித்தான் மாமா. பதினாறு பேட்டரி, இருபது பேட்டரி சீரிஸ்ல நிக்கும். 192 வோல்ட், 240 வோல்ட். நான் தெனமும் அதுக்குள்ளதான கைய விடுறேன். ஆனா நீங்க தனியா செய்யாதீங்க, ஞாயித்துக்கெழம நான் வாரேன்.”

வரும்போது ஒரு அலுவலக யூபிஎஸ்சிலிருந்து கழற்றிய 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்ப்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிகள் பன்னிரண்டை ஸ்கூட்டரில் இரண்டு நடையாகக் கொண்டுவந்தான். ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும். அலுவலகத்துக்கு ஆகாதவை, ஆனால் சோதனைக்குப் போதும். வராந்தாவில் மர பெஞ்ச், கீழே ரப்பர் பாய். மோதிரத்தையும் வாட்சையும் கழற்றச் சொன்னான். ஒரு கை வேலை செய்யும்போது இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்றான். நான்கு நான்காகத்தான் இணைத்தான். நாலு பேட்டரி 50 வோல்ட் சொச்சம், அதுவரைக்கும் கை பட்டாலும் பெரும்பாலும் தப்பிக்கலாம். மூன்று கட்டையும் சேர்க்கிற கடைசி இணைப்பு மட்டும் உறை போட்ட கனெக்டரில். நடுவில் சோலார்காரர்கள் போடுகிற டிசி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழுகிற சுவிட்ச்) ஒன்றையும் மாட்டினான். வீட்டுக்காரி வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் செருப்பப் போட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுவும் சரிதான்.

முதலில் எட்டு பேட்டரி மட்டும், 101 வோல்ட். ரவுட்டர் அடாப்டரை மாட்டினோம். அரை நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் பச்சை விளக்கு. ரவுட்டர் எழுந்து, வழக்கமான ஒன்றரை நிமிடத்தில் வைஃபை வந்துவிட்டது. உள்ளே போகிற கரண்ட் 81 மில்லி ஆம்ப். பன்னிரண்டையும் சேர்த்து 151 வோல்ட் ஆக்கினால் அதுவே 53 மில்லி ஆம்பாகக் குறைந்தது. வோல்ட் ஏற ஏறக் கரண்ட் இறங்குகிறது, வாட் மட்டும் 8-லேயே நிற்கிறது. சுவிட்சிங் அடாப்டரின் குணம் இது: தனக்கு வேண்டியதை எப்படியும் இழுத்துக்கொள்ளும்.

சந்தோஷத்தில் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் எடுத்து வந்தேன். லேப்டாப்பின் 65 வாட் சார்ஜர், ஓடியது. செல்போன் சார்ஜர் இரண்டு, ஓடின. 9 வாட் எல்இடி பல்பு 151 வோல்ட்டில் நன்றாகவே எரிந்தது, 101-ல் மங்கி விட்டது. சாமி மாடத்தில் எரிகிற சின்ன எல்இடி விளக்கு மட்டும் கண்ணே திறக்கவில்லை. அதில் டிரைவர் ஐசி கிடையாது, ஒரு கெபாசிட்டரை வைத்து வோல்ட்டைக் குறைத்திருப்பார்கள். கெபாசிட்டர் டிசியை மறித்து நிற்கும், அதனால் இருட்டுதான். கொசு மருந்து மெஷின் கேள்வியே கேட்காமல் சூடேறியது. அதற்குள் இருப்பது வெறும் சூட்டு வில்லை, அதற்கு ஏசியும் ஒன்று டிசியும் ஒன்று.

பழைய கார்ட்லெஸ் போனின் அடாப்டரை எடுத்தபோது மாப்ளை கையைத் தட்டிவிட்டான். “தூக்கிப் பாருங்க, கனக்குதா? உள்ள இரும்புத் துண்டு இருக்கு. அத போடாதீங்க.” அது கம்பி சுற்றிய பழைய டிரான்ஸ்ஃபார்மர். ஏசியில் அலை மாறிக்கொண்டே இருப்பதால்தான் சுருள் எதிர்த்து நிற்கும். டிசியில் அந்த எதிர்ப்பு இல்லை, வெறும் கம்பியின் ஓம்ஸ் மட்டும்தான். அளந்தால் 1.4 கிலோ ஓம். 151 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 16 வாட்டுக்கு மேல் சூடு. மூன்று வாட்டுக்குச் செய்த உள்ளங்கை அளவு டப்பாவுக்குள் அவ்வளவும் இறங்கினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அடாப்டரில் டிசி ஓடுமா என்று யாராவது கேட்டால் முதலில் கையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். லேசாக இருந்தால் சுவிட்சிங், கல் மாதிரி இருந்தால் இரும்பு.

அதுவரை எனக்கு ஜெயித்துவிட்ட நினைப்புதான். வயரிங் எல்லாம் ஏற்கெனவே சுவரில் இருக்கிறது, பிளக் பாயின்ட் இருக்கிறது, மெயின் பக்கம் ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போட்டு 151 வோல்ட் டிசியை அப்படியே வீட்டு வயரில் விட்டால் இன்வெர்ட்டரே வேண்டாமே என்று கேட்டேன். மாப்ளை பதில் சொல்லவில்லை. “ஒரு ஹீட்டர் இருக்கா?” என்றான். மதுரையில் ரூம் ஹீட்டருக்கு எங்கே போவது? குளிக்கத் தண்ணீர் காய்ச்சுகிற ஒரு கிலோவாட் ராடு இருந்தது, அதை எடுத்து வந்து வாளித் தண்ணீரில் போட்டேன். தன் பையிலிருந்து ஒரு பழைய கறுப்பு பேக்லைட் சுவிட்சை எடுத்து, மூடியைக் கழற்றி, உள்ளே தொடுமுனைகள் தெரிகிற மாதிரி பெஞ்சில் திருகினான். ஒரு முழ நீளம் பிவிசி பைப்பைக் கையில் வைத்துக்கொண்டான்.

முதலில் வீட்டுக் கரண்டில். பைப் முனையால் சுவிட்சைப் போட்டான், அணைத்தான். ‘டிக்’. தொடுமுனைகள் விலகுகிற இடத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு நீலப் பொறி, கண் சிமிட்டுவதற்குள் காணோம். ஏசி நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வருகிறது. அந்தப் பூஜ்யத்தில் பொறி தானாகச் செத்துவிடும்.

அப்புறம் அதே சுவிட்ச், அதே ராடு, பேட்டரி வரிசையில். 151 வோல்ட்டுக்கு ராடு மூன்று ஆம்புக்கும் குறைவாகத்தான் எடுக்கும், வீட்டுக் கரண்டில் எடுப்பதைவிடக் கம்மி. பைப்பால் சுவிட்சைத் தட்டினான். தொடுமுனைகள் விலகின. பொறி விலகவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஊதா கலந்த வெள்ளையாக ஒரு சின்னப் பாலம் அப்படியே நின்றது. ‘ஸ்ஸ்ஸ்’ என்று சீறல். சுவிட்ச் ஆஃபில் இருக்கிறது, வாளித் தண்ணீர் தொடர்ந்து சூடாகிறது! மூன்று எண்ணுவதற்குள் பேக்லைட் கருகுகிற வாசனை வந்துவிட்டது. மாப்ளை டிசி எம்சிபியைத் தட்டினான், அணைந்தது. சுவிட்சின் பித்தளை முனையில் மிளகளவு ஒரு பள்ளம், சுற்றிலும் கரி.

“இது மூணு ஆம்ப் மாமா. இந்த சுவிட்ச் செவுத்துக்குள்ள மூடியோட இருந்திருந்தா?”

நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். அடாப்டருக்கு டிசி சம்மதம். ஆனால் அடாப்டருக்கு முன்னால் இருக்கிற சுவிட்ச், பிளக் பாயின்ட், ஃப்யூஸ், எம்சிபி எதற்கும் சம்மதமில்லை. எல்லாம் ஏசிக்குச் செய்தவை. கடையில் கிடைக்கிற சாதாரண ரிலேயின் முதுகைப் படித்துப் பாருங்கள்: 10 ஆம்ப் 250 வோல்ட் ஏசி என்று போட்டிருக்கும், கீழேயே 10 ஆம்ப் 30 வோல்ட் டிசி என்றும் இருக்கும். அதே ரிலே, அதே முனை. அது ஏன் என்று இருபது வருடமாக நான் யோசித்ததே இல்லை. அடாப்டருக்குள் இருக்கிற குட்டி ஃப்யூஸும் 250 வோல்ட் ஏசிக்கு என்று எழுதியதுதான். உள்ளே ஷார்ட் ஆனால் டிசியில் அது உருகிய பிறகும் தீயாக நிற்கலாம். போதாக்குறைக்கு, பேட்டரி வரிசைக்கு ஆஃப் என்று ஒன்று கிடையாது. எம்சிபியை இறக்கினாலும் அதற்குப் பின்னால் 151 வோல்ட் எப்போதும் விழித்துக்கொண்டே இருக்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. யாரும் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

உயர் வோல்ட் டிசியில் ஓடுகிற இடங்கள் இல்லாமலில்லை. அந்தக் காலத்து நீல நிற ஐசிஎஃப் ரயில் பெட்டிகளில் விளக்கும் ஃபேனும் 110 வோல்ட் டிசிதான், பெட்டிக்கு அடியில் பேட்டரி தொங்கும். பாண்டியனில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு எத்தனை தடவை அந்த ஃபேன் சுவிட்சைத் தட்டியிருப்பேன்! அங்கே சுவிட்சும் ஃப்யூஸும் அதற்கென்றே செய்தவை. வீட்டில் அப்படி எல்லாவற்றையும் மாற்றுவதாக இருந்தால் புதுப் பேட்டரியே மலிவு.

குறைந்த வோல்ட்டில் போவதென்றால் அதற்கும் பழைய பாதை உண்டு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பேட்டரி வரிசை எப்போதும் லைனோடு சேர்ந்தே நிற்கும். கரண்ட் போனாலும் எங்கள் பழைய கறுப்பு போன் பேசியது அதனால்தான். வீட்டுக்கும் அதே 48 வோல்ட் டிசி போதும், ஃபேனையும் விளக்கையும் அதிலேயே ஓட்டலாம் என்று சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு செய்து காட்டியிருக்கிறது. எனக்கு ஃபேன் வேண்டாம். இரண்டு பெட்டிகள், இரண்டுமே 12 வோல்ட். ஆகவே அடாப்டரின் பிளக் பக்கத்தை விட்டுவிட்டு, 12 வோல்ட் வெளியே வருகிற வால் பக்கத்துக்கு வந்தேன். அங்கே இன்வெர்ட்டர், அடாப்டர் இரண்டு கமிஷனும் மிச்சம்.

நேரடியாக 12 வோல்ட் பேட்டரி என்பது பேச்சுக்குத்தான். 12 வோல்ட்டிலேயே நிற்கிற பேட்டரி எதுவும் கிடையாது. நான் எடுத்தது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல், ஒன்று 3.2 வோல்ட், 6 ஏஎச். நாலு சீரிஸில் 12.8 என்பார்கள். முழுச் சார்ஜில் 14.6 வரை ஏறும், காலியாகும்போது 10 வரை இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்தை என் பெட்டிகள் தாங்குமா என்பதை அவற்றைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ரவுட்டரின் நுழைவாயிலில் இருந்த கெபாசிட்டரில் 25 வோல்ட் என்று எழுதியிருந்தது. உள்ளே ஓடுவதெல்லாம் 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும், 12-ஐக் குறைக்கிற சின்ன கன்வெர்ட்டர் அதற்குள்ளேயே இருக்கிறது. பெஞ்ச் சப்ளையில் வைத்து ஏற்றி இறக்கிப் பார்த்தேன். 9.5 வோல்ட்டிலும் ஓடியது, 14.6-லும் சூடேறவில்லை. அதற்குப் பேட்டரியை நேரே கொடுக்கலாம். ஃபைபர் பெட்டியில் அதே இடத்தில் இருந்தது 16 வோல்ட் கெபாசிட்டர். 14.6-க்கும் 16-க்கும் நடுவில் மூச்சு விட இடமில்லை. பெட்டியும் என்னுடையது இல்லை, இணையம் கொடுப்பவர்களுடையது. அதற்கு நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வைத்து 12-ஐ நிலையாகக் கொடுப்பது என்று முடிவு.

டவுன்ஹால் ரோடு பக்கம் உதிரிபாகக் கடைகளில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அங்கிட்டும் இங்கிட்டும் அலைந்து வாங்கியவை: முனையில் திருகு வைத்த செல் எட்டு, செல்கள் அளவுக்கு மேல் நிரம்பாமலும் அடியோடு காலியாகாமலும் காக்கிற, நாலு செல்லுக்கான பிஎம்எஸ் போர்டு, கன்வெர்ட்டர் போர்டு, டிசி பின் வயர் நாலு. திருகு வைத்த செல் சில ரூபாய் கூட. ஆனால் வாங்குங்கள். சாதாரண செல்லுக்கு நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் பண்ண வேண்டும். சால்டரிங் அயனைச் செல்லின் தலையில் வைத்தால் உள்ளே சீல் பழுதாகும். எட்டு செல்லையும் ஒரே வோல்ட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இரண்டிரண்டாகச் சேர்த்து, அந்த நாலு ஜோடியையும் சீரிஸில் போட்டேன். 12 ஏஎச், 154 வாட்-அவர்.

கன்வெர்ட்டரில் முதல் அடி வாங்கினேன். எல்எம்2596 போர்டு எல்லாக் கடையிலும் கிடைக்கும், மலிவு, அதையே வாங்கிவிட்டேன். அது வோல்ட்டைக் குறைக்க மட்டும் தெரிந்த போர்டு. அதுவும் உள்ளே வருவதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேலேயே குறைத்துத்தான் கொடுக்கும். பேட்டரி 14-ல் இருக்கும்போது அழகாக 12.0 காட்டியது. பேட்டரி 12.8-க்கு வந்ததும் 11.6, அப்புறம் இறங்கிக்கொண்டே போனது. ஃபைபர் பெட்டி 10.8-க்குக் கீழே லைன் விளக்கை அணைத்துவிட்டது. பேட்டரியில் இன்னும் மிச்சம் இருக்கும்போதே! ஏற்றவும் இறக்கவும் தெரிந்த வகை எக்ஸ்எல்6009 போர்டை மாற்றிய பிறகு பேட்டரி 10-க்கு வரும்வரை 12.0 அசையவில்லை. பெட்டியை மாட்டுவதற்கு முன் அதன் திருகைத் திருப்பி வோல்ட்டைச் சரிசெய்துவிட வேண்டும். கடையிலிருந்து வரும்போது அது எந்த வோல்ட்டில் நிற்கும் என்று சொல்ல முடியாது, என்னுடையது 19-ல் நின்றது.

இரண்டாவது அடி சார்ஜிங்கில். கேமரா வேலைக்குப் போடுகிற 12 வோல்ட் 5 ஆம்ப் இரும்புப் பெட்டி சப்ளை ஒன்று சும்மா கிடந்தது. ஓரத்தில் இருக்கிற திருகைக் கடைசி வரை திருப்பினால் 13.9 வந்தது. அதையே பேட்டரியோடு நேராக இணைத்தேன். பேட்டரி காலியாக இருந்த சமயம். சப்ளை ‘டிக், டிக், டிக்’ என்று பல்லி மாதிரி சத்தம் போட்டதே தவிர ஒரு ஆம்ப்கூடத் தரவில்லை. காலிப் பேட்டரி கிடைத்த வரைக்கும் இழுக்கும். இந்தச் சப்ளைக்கோ அளவு மீறினால் ஷார்ட் என்று நினைத்து அணைத்து அணைத்துப் போடத்தான் தெரியும். கரண்டைப் பிடித்து நிறுத்தித் தருகிற சார்ஜர்தான் இதற்கு வேண்டும். 3 ஆம்ப் சார்ஜர் ஒன்று வாங்கி, 14.6-க்குப் போகவிடாமல் 14.2-ல் நிறுத்தினேன். கொள்ளளவில் பெரிதாக ஒன்றும் குறையாது, செல்லுக்கும் நல்லது.

இப்போது சார்ஜர், பேட்டரி, பெட்டிகள் மூன்றும் எப்போதும் ஒன்றாகவே நிற்கின்றன, எக்ஸ்சேஞ்ச் மாதிரி. கரண்ட் இருந்தால் சார்ஜர் சுமக்கும், போனால் பேட்டரி சுமக்கும். மாறுகிற நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. சார்ஜர் வயரில் மட்டும், கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற ஒரு ஷாட்கி டையோடு வைத்தேன். இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் பேட்டரி திரும்பிப் போய் சார்ஜரின் விளக்கை எரித்துக்கொண்டிருக்கும். டையோடு கொஞ்சம் வோல்ட் தின்னும், அதனால் 14.2-ஐ டையோடுக்கு அந்தப் பக்கம், பேட்டரி முனையில் அளந்து வைக்க வேண்டும்.

ஃப்யூஸ் வாங்கியது ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில். கார், வேனில் போடுகிற 5 ஆம்ப் பிளேடு ஃப்யூஸ். அது பிறந்ததே பேட்டரிக்காக, 32 வோல்ட் டிசிக்குச் செய்தது. பிளஸ் முனையிலிருந்து நாலு விரல்கடைக்குள் அதை மாட்டினேன். லித்தியம் செல் ஷார்ட் ஆனால் வயர்தான் முதலில் தீப்பிடிக்கும், ஆகவே வயர் ஆரம்பிக்கிற இடத்திலேயே காவல் வேண்டும்.

டிசி பின்னில் ஒரு சில்லறை விஷயம். வெளியே 5.5 மில்லிமீட்டர் என்பது பொது, உள்துளை மட்டும் 2.1-ம் உண்டு, 2.5-ம் உண்டு. 2.5 பின்னை 2.1 சாக்கெட்டில் செருகினால் நுழையும், ஓடவும் செய்யும், மேஜை அசைந்தால் ரவுட்டர் அணைந்து எழும். இரண்டு நாள் ரவுட்டரைத் திட்டிய பிறகுதான் பின்னைப் பார்த்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குச் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு விட்டேன். பிள்ளைகள் நாள் முழுக்க வீடியோ பார்த்தார்கள், சோதனை என்று சொன்னதால் யாரும் தடுக்கவும் முடியவில்லை. இரவு 7.40-க்கு பிஎம்எஸ் அணைத்தது. 12 மணி 40 நிமிடம். பராமரிப்பு நாளின் எட்டு மணி நேரத்துக்கு மேலேயே தாராளம். திரும்ப நிரம்ப ஆறு மணி நேரம் ஆனது, 3 ஆம்பில் ஒன்று பெட்டிகளுக்குப் போய்விடுகிறதே.

முதலில் எல்லாவற்றையும் பரணில் வைப்பதாக இருந்தது. கத்திரி வெயிலில் எங்கள் பரணில் தெர்மாமீட்டர் 44 காட்டியது. இந்தச் செல்லை 45-க்கு மேல் சார்ஜ் பண்ணக் கூடாது. ஆக, படிக்கட்டுக்கு அடியில், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே, காற்றுத் துளை போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இருக்கிறது. அதே டப்பாவிலிருந்து ஃப்யூஸ் போட்டு ஒரு கார் சார்ஜர் சாக்கெட்டும் வெளியே எடுத்தேன். அதில் 65 வாட் யூஎஸ்பி-சி கார் சார்ஜரைச் செருகினால் என் லேப்டாப் அதிலேயே ஓடுகிறது. ஒரு சாமானும் தனியாகச் செய்யவில்லை, எல்லாம் காருக்கென்று விற்பவைதான். லேப்டாப் போட்டால் மட்டும் நேரம் மூன்று மணிக்கு இறங்கிவிடும்.

கேமராப் படத்தைப் பதிவு செய்கிற டிவிஆரையும் இதில் சேர்க்கலாம் என்று வீட்டுக்காரி கேட்டாள். அதுவும் 12 வோல்ட்தானே? மூடியைத் திறந்து தடம் பார்த்தபோதுதான் தெரிந்தது, உள்ளே வருகிற 12 வோல்ட் நேராக ஹார்ட் டிஸ்க்குக்கே போகிறது. டிஸ்க்குக்கு 12 என்றால் ஏறக்குறைய 12 வேண்டும், 14.2 கொடுத்தால் இரண்டு மாதப் பதிவோடு சேர்த்துக் காணாமல் போகும். கன்வெர்ட்டர் வைத்தாலோ டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது இரண்டு ஆம்புக்கு மேல் இழுக்கிறது, என் குட்டி போர்டுக்கு அது ஆகாது. பெரிய போர்டு தேடிக்கொண்டிருக்கிறேன். அதுவரை டிவிஆர் மட்டும் பழைய இன்வெர்ட்டரிலேயே இருக்கட்டும் என்று விட்டாயிற்று. புதுப் பேட்டரி வாங்கவில்லை, பராமரிப்பு நாளில் மத்தியானம் 2 மணிக்கு இன்வெர்ட்டர் இப்போதும் கூவுகிறது.

மாப்ளையின் பன்னிரண்டு பேட்டரிகள் இன்னும் வராந்தாவில்தான் கிடக்கின்றன, நான்கு நான்காகப் பிரித்து, முனைகளில் டேப் ஒட்டி. போன வாரம் போன் பண்ணி, “மாமா, பேட்டரிக் கடைக்காரர் எடை போட்டு எடுத்துக்கிறேன்னாரு, நீங்க அத மறுபடி சீரிஸ்ல போடலயே?” என்று கேட்டான். போடவில்லை என்று சொன்னேன். அந்தக் கரிபிடித்த சுவிட்ச் மட்டும் என் மேஜையில் இருக்கிறது.